கத்திரி நின்றால் விலை தப்பு

பில் புத்தகம் அச்சடிக்க வந்தவள், மேசையில் கிடந்த துண்டுத்தாளை ஒரு விரலால் தன் பக்கம் நகர்த்தி, "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

பெண்களும் சிறுபான்மையினரும் நடத்தும் சிறுதொழில்களுக்கு அரசு மானியமும் குறைந்த வட்டியில் கடனும் கொடுப்பதாக அந்த நாட்டு அலுவலக மொழியில் அச்சாகியிருந்தது. முந்தாநாள்தான் அச்சகத்துப் பெண் அதை ஐந்நூறு பிரதி ஓட்டியிருந்தாள். படித்துத் தமிழில் சொன்னாள்.

"மானியம்னா திருப்பித் தர வேணாமா?"

"வேணாம்."

"அப்ப அதுல ஏதோ இருக்கு" என்று தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள் வந்தவள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "சிறுபான்மைன்னா யாரு?"

"இந்த நாட்டுல எண்ணிக்கையில கொறஞ்சவங்க. நம்மள மாதிரி."

"எங்க தெருவுல நாமதானே ஜாஸ்தி."

"தெருவ வச்சுப் பாக்க மாட்டாங்கக்கா. மொத்தமா எண்ணுவாங்க."

வந்தவள் கொஞ்சம் யோசித்தாள். "பொம்பளைக்கு ஒரு கட்டம், சிறுபான்மைக்கு ஒரு கட்டமா?"

"ஆமா. நீங்க ரெண்டுலயும் டிக் போடலாம்."

"பாரேன். இத்தன வருஷமா ரெண்டும் தலைவலியாத்தான் இருந்துச்சு. ஒரு டிக்குக்காவது ஆகுதே." தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "சரி, ஃபாரத்த யாரு எழுதுவா?"

அச்சகத்துப் பெண் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அதிகம் பேசி வழக்கமில்லை. பேசாமலிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வந்தவள் அந்த ரகம். ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு வந்துவிடச் சொல்லிவிட்டு, பில் புத்தகத்துக்கு முன்பணம்கூடத் தராமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஓட்டுநர்கள் அவளைக் கத்திரியக்கா என்பார்கள். வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பது தொழில். கார், வேன், ஆம்புலன்ஸ், ஒருமுறை சவ வண்டிக்கும் தைத்திருக்கிறாள். கடை என்பது பழைய பட்டறைத் தெருவில் இரும்புக் கதவு போட்ட நீள அறை. உள்ளே நுழைந்தால் முதலில் பசை வாசனை மூக்கைப் பிடிக்கும். சுவரோரம் ரெக்சின் சுருள்கள், பலகை பலகையாக நுரை மெத்தை, நடுவில் ஆள் படுக்கிற அளவுக்கு வெட்டு மேசை. மேசைக்குப் பின்னால் கத்திரியக்கா நிற்பாள். மேசைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபாரத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்த அரைமணி நேரத்துக்குள் அச்சகத்துப் பெண்ணுக்குக் கடை நடக்கிற விதம் புரிந்தது. வேன்காரர் ஒருவர் வந்தார். தம்பி எழுந்து கை கொடுத்தான், வண்டியைச் சுற்றிப் பார்த்தான், துணியைக் காட்டினான், விலை சொன்னான். கத்திரியக்கா தலை நிமிரவேயில்லை. கத்திரி கறுக் கறுக்கென்று ரெக்சினைத் தின்றுகொண்டே போனது. வேன்காரர் பேரம் பேசினார். தம்பி ஒரு படி இறங்கினான், கத்திரி ஓடியது. இன்னொரு படி இறங்கினான். கத்திரி மேசைமேல் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. உடனே தம்பி, "இல்லண்ணே, கட்டாது. முன்ன சொன்னதுதான்" என்று முடித்துவிட்டான்.

பதினோரு வருடமாக இப்படித்தான். கணவர் போன பிறகு அவள் தனியாகக் கடை திறந்த முதல் ஆறு மாதம், அவள் விலை சொன்னால் பாதிக்குக் கேட்டார்கள். சிலர் 'முதலாளி எப்ப வருவாரு?' என்று கேட்டுவிட்டு நின்றார்கள். வேலையில்லாமலிருந்த தம்பியைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவன் வாய், அவள் கணக்கு. பதிவுச் சான்றில் அவள் பெயர். ஊர் வாயில் அவன் முதலாளி. அதனால் யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை.

ஃபாரம் இருபத்திரண்டு பக்கம். தொழிலின் பாதிக்கு மேற்பட்ட உரிமை பெண்ணுடையதா என்று நான்காம் பக்கம் கேட்டது. அன்றாட முடிவுகளை எடுப்பது அவர்தானா என்று பதினோராம் பக்கம் கேட்டது. அச்சகத்துப் பெண் 'ஆம்', 'ஆம்' என்று எழுதினாள். இரண்டும் உண்மைதான். எதற்காகக் கடன் என்ற இடத்தில் ஒரு மிஷின் பெயரை எழுதினாள்.

அந்த மிஷினில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. பேருந்துக் கம்பெனி ஒன்று இருபது பேருந்துக்கு இருக்கை உறை தைத்துத் தர ஆள் தேடியது. அக்காவின் மாதிரி உறையைப் பார்த்துப் பிடித்துப்போயிற்று. ஆனால் இருக்கிற பழைய மிஷின் இரண்டு மடிப்பு ரெக்சின்வரைதான் தாங்கும். பேருந்து உறையின் மூலைகளில் ஐந்து மடிப்பு வரும். அங்கே அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தையல் தையலாக இறக்குவாள். ஓர் இருக்கைக்கு அரை நாள். கம்பெனிக்காரர் அதையும் நின்று பார்த்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் கனத்த தையலுக்கான இரட்டை ஊசி மிஷின் கடையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு பட்டறைக்கு என்று சொல்லிவிட்டார். வங்கி இரண்டு முறை கை விரித்தாயிற்று. மீதி இருந்தது இந்த ஃபாரம் ஒன்றுதான்.

அனுப்பிய மூன்றாம் வாரம், நேரில் பார்க்க வருகிறோம் என்று தகவல் வந்தது. மொழிபெயர்க்க அச்சகத்துப் பெண் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கடை கூட்டிப் பெருக்கப்பட்டிருந்தது. சுருள்கள் நிறவாரியாக நின்றன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்த அலுவலர் உள்ளே காலெடுத்து வைக்கிறவரை.

ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. கையில் கோப்பு, முகத்தில் எதுவுமில்லை. தம்பி பழக்க தோஷத்தில் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். பக்கத்துக் கடையிலிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள், அது கத்திரியக்காவுக்கு. அவளோ அதைத் தம்பி பக்கம் தள்ளினாள். "நீ உக்காந்து பேசிட்டிரு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பின்னால் டீ போடப் போய்விட்டாள். வீட்டுக்கோ கடைக்கோ வந்தவரை வெறும் வாயோடு உட்காரவைத்து அவளுக்குப் பழக்கமில்லை.

அச்சகத்துப் பெண் பின்னறைக்கும் முன்னறைக்கும் நடுவில் நின்று, போய்க் கூப்பிடுவதா, இங்கே நிற்பதா என்று தவித்தாள். அதற்குள் அலுவலர் கேட்டுவிட்டார், விலையை யார் முடிவு செய்வது என்று. தம்பிக்கு அந்த அளவுக்கு அலுவலக மொழி தெரியும். பதினோரு வருடமாக ஓட்டுநர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "நான்தான்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஆனால் பேனா ஓடிவிட்டது.

அக்கா தட்டோடு வந்தாள். எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பது யார் என்று அலுவலர் நேராக அவளைப் பார்த்துக் கேட்டார். அச்சகத்துப் பெண் தமிழில் சொன்னாள். அக்கா தட்டைப் பிடித்தபடியே, "அவனயே கேக்கச் சொல்லு. அவன் நல்லா பேசுவான்" என்றாள்.

ஒரு மூச்சுதான் இடைவெளி. அதற்குள் அச்சகத்துப் பெண் திரும்பி, அக்காவின் பதிலாக, சரக்கு வாங்குவது, அளவெடுப்பது, விலை, ஆள் எல்லாம் என் முடிவு என்றும், தம்பி எனக்கு உதவியாக இருக்கிறான் என்றும் ஐந்து வாக்கியம் அழகாகச் சொல்லிமுடித்தாள். வாழ்நாளில் யாரிடமும் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அலுவலர் அவளையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார், டீயைத் தொடாமல் எழுந்தார்.

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது.

அச்சகத்துப் பெண் அதைக் கடையில் வைத்துத்தான் படித்தாள். தொழிலை நடத்துவது விண்ணப்பதாரரின் சகோதரர் என்று தோன்றுகிறது. பெண்ணின் பெயர் பெயரளவுக்கு மட்டுமோ என்ற ஐயம் எழுகிறது. இந்த மாதம் பதினெட்டாம் தேதி நேர் விசாரணைக்கு வர வேண்டும். விளக்கம் போதாவிட்டால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்தாள்.

"குடு" என்று அக்கா கை நீட்டினாள். தாளை வெட்டு மேசையில் போட்டு உள்ளங்கையால் நீவினாள். அவளுக்கு அந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எந்தத் துணியில் எத்தனை இருக்கை வரும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்கிற கண் அது. விரல் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கி, கடைசிக்கு முந்தின பத்தியில் நின்றது.

"இந்தத் துண்டு என்னாச்சு?"

அச்சகத்துப் பெண் தாளை எடுக்கக் கை நீட்டினாள், அக்காவின் விரல் நகரவில்லை.

"மூணு துண்டுக்குத்தான் நீ படிச்ச. இங்க நாலு இருக்கு. இதுல என்ன போட்டிருக்கு?"

அன்று அச்சகத்தில் கேட்ட அதே கேள்வி. அன்று சொன்னது எளிது. இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்தாள். விண்ணப்பதாரர் சொன்னது ஒரு வரி, மொழிபெயர்ப்பில் வந்தது ஐந்து வரி. ஆகவே அந்தப் பதில்களை விண்ணப்பதாரரின் பதில்களாக ஏற்க முடியவில்லை. கண்ணை மேசையிலேயே வைத்துக்கொண்டு சொல்லி முடித்தாள்.

தம்பி நாற்காலியில் நெளிந்தான்.

"அன்னைக்கு நான் சொன்னதா நீ என்ன சொன்ன?" என்று அக்கா கேட்டாள். அவள் சொன்னாள், ஐந்து வாக்கியத்தையும்.

"நல்லாத்தான் சொல்லிருக்க. நான்கூட என் கடையப் பத்தி இவ்ளோ நல்லா சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அச்சகத்துப் பெண்ணுக்குத் தோன்றியது. அக்கா கத்திரியைக் கையில் எடுத்தாள், வெட்டாமல் கீழே வைத்தாள்.

பிறகு தம்பி பக்கம் திரும்பி, பதினெட்டாம் தேதி நீ வர வேண்டாம் என்றாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. வருத்தத்தை மறைக்கத் தெரியாத மனிதன். "பதினோரு வருஷமா நான் இங்க என்ன, பொம்மையாக்கா?" என்றான். அவன் நாற்காலியை எடுத்து வாசலுக்கு வெளியே போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஓட்டுநர்களுக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. அக்காவே விலை சொன்னாள். ஒருவர் பாதிக்குக் கேட்டார். இன்னொருவர் 'அண்ணன் பேச மாட்டாரா?' என்று கேட்டுவிட்டு, வாசலில் அவனைத் தாண்டியே போனார்.

பதினெட்டாம் தேதி காலை அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்குப் படியேறினார்கள். மின்தூக்கி பழுது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அக்கா நின்று மூச்சு வாங்கினாள்.

"நீ வேணாம்னு, மொழிபெயர்க்க அவங்க ஆள் யாரையாவது கேக்கலாம்னுதான் நெனச்சேன்" என்றாள். "அவங்க ஆளுக்கு ரெக்சின்னா என்னன்னு தெரியாது. உனக்கு இப்ப கொஞ்சம் தெரியும். ஆனா ஒண்ணு. கூட்டாத, கொறைக்காத. நான் கிறுக்குத்தனமா பேசினாலும் அப்படியே போடு."

சரி என்று தலையாட்டினாள். ஆட்டுவது சுலபம்.

அறையில் அதே அலுவலர்; பக்கத்தில் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர். எதிரே இரண்டு நாற்காலிகள். அக்கா உட்கார்ந்த நாற்காலியின் உறை ஓரத்தில் கிழிந்து நுரை எட்டிப் பார்த்தது. உட்காரும்போதே அவள் விரல் அந்தக் கிழிசலுக்குப் போனதை அச்சகத்துப் பெண் பார்த்தாள்.

அலுவலர் சுற்றி வளைக்கவில்லை. விலை சொல்வது உங்கள் தம்பிதானே என்றார்.

"ஆமா. அவன்தான் சொல்லுவான்" என்றாள் அக்கா.

அச்சகத்துப் பெண் கோப்பைப் பார்த்தாள். இந்த ஒரு வரியைச் சொன்னால் கோப்பு மூடப்படும். மிஷின் போகும், இருபது பேருந்து போகும். கடைசியில் 'ஆனால்' என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் அநியாயத்துக்குச் சத்தம் போட்டது.

"ஆம். அவன்தான் சொல்வான்" என்று அலுவலக மொழியில் சொன்னாள். ஒரு சொல்லும் கூடவில்லை. இளைஞர் எழுதிக்கொண்டார்.

அக்கா அதற்குப் பிறகுதான் மிச்சத்தைப் பேசினாள். "பொம்பள சொன்னா பாதிக்குக் கேக்குறாங்க. போன வாரம்கூட கேட்டாங்க. அதனால அவன் சொல்றான், நான் வெட்டிட்டே இருப்பேன். வெல தப்பாப் போச்சுன்னா கத்திரியக் கீழ வைப்பேன். அவன் மாத்திடுவான். ஏமாத்துன்னா ஏமாத்துதான். உங்கள இல்ல, அவங்கள."

அதுவும் அப்படியே போயிற்று, ஏமாற்று என்ற சொல்லோடு.

அன்று ஏன் நீங்கள் உட்காரவில்லை என்று அலுவலர் கேட்டார்.

"வந்தவங்களுக்கு டீ குடுக்காம எப்படி உக்கார்றது? நீங்க அதயும் குடிக்கல."

இதையுமா என்பதுபோல அக்காவை ஒரு கணம் பார்த்துவிட்டு, அச்சகத்துப் பெண் அதையும் சொன்னாள். அலுவலரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்த இளைஞர்தான் பேனாவை மூடிவிட்டு, அக்கா உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் காட்டி, இதற்கு உறை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள். நாற்காலியைத் தூக்கித் தலைகீழாக மேசைமேல், கோப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடிப்பலகையில் விரலை ஓட்டி, அடித்திருக்கும் ஆணிகளைத் தட்டிப் பார்த்தாள். வலது கை விரல்கள் காற்றில் திறந்து மூடிக்கொண்டிருந்தன, கத்திரி இருப்பதுபோல. இங்கே பார்த்துச் சொல்லத் தம்பி இல்லை, கீழே வைக்கக் கத்திரியும் இல்லை. அச்சகத்துப் பெண் மனத்துக்குள் வினாடிகளை எண்ணத் தொடங்கியிருந்தாள். முப்பதைத் தாண்டியது.

"கட்ட நல்லா இருக்கு. நுரைதான் செத்துப்போச்சு" என்றாள் அக்கா. "யாரோ மட்டமான ஆணிய நெருக்கி அடிச்சுத் துணியக் கிழிச்சு வச்சிருக்காங்க. நுரையோட மாத்துனா ஒரு வெல, துணி மட்டும்னா ஒரு வெல. துணி மட்டும் மாத்தச் சொன்னா நான் எடுக்க மாட்டேன். ஆறு மாசத்துல திரும்பக் கிழியும், என் பேரு கெடும்." விலையையும் சொன்னாள். எத்தனை நாள் ஆகும் என்றும் சொன்னாள். இளைஞர் பாதி விலை கேட்டுப் பார்த்தார்.

"அப்ப நின்னுட்டே வேல பாருங்க" என்றாள்.

அச்சகத்துப் பெண் அதை அப்படியே பெயர்த்துவிட்டு, அக்கா கையைப் பார்த்தாள். அக்காவின் விரல்கள் அப்போதும் காற்றில் வெட்டிக்கொண்டுதானிருந்தன. நிற்கவில்லை.

நாற்காலி அலுவலகச் சொத்து, இறக்கி வையுங்கள் என்று மட்டும் அலுவலர் சொன்னார்.

முடிவு எழுத்தில் வரும் என்றார்கள். எட்டு நாள் வரவில்லை. பேருந்துக் கம்பெனியிலிருந்து ஒருமுறை ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தம்பி உள்ளே வந்து உட்கார்ந்தான். ஆனால் அக்காவோடு பேச்சில்லை, விலை மட்டும் சொன்னான். கத்திரி ஓடுவதும் நிற்பதுமாகக் கடை நடந்தது. அச்சகத்துப் பெண் வேலை முடிந்ததும் தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனாள். அக்கா தலையை நிமிர்த்தி ஒருமுறை 'இல்லை' என்று ஆட்டுவாள். அவ்வளவுதான்.

இருபத்தாறாம் தேதி கடிதம் வந்தது. இம்முறை ஒரு பத்தியும் விடாமல் படித்தாள். அக்காவின் விரலும் கூடவே ஒவ்வொரு பத்தியாக இறங்கியது. கடன் முழுவதும் சரி. மானியம் இப்போது இல்லை; ஓர் ஆண்டு கழித்துக் கடைக்கு மறுபடி நேரில் வந்து பார்த்த பிறகு முடிவு செய்யப்படும்.

"பாதி வெலைக்குத்தான் படிஞ்சிருக்காங்க" என்றாள் அக்கா. நாற்காலியிலிருந்து தம்பி சிரித்துவிட்டான். சிரித்த பிறகு, பேச்சில்லை என்பது நினைவுக்கு வந்து, எழுந்துபோய் மிஷின் வைக்க இடம் ஒழிக்கத் தொடங்கினான்.

மிஷின் மாதக் கடைசியைத் தாண்டி இரண்டாம் நாள் வந்திறங்கியது. கம்பெனிக்காரர் அந்த இரண்டு நாளைப் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்ததை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். ஐந்து மடிப்பு மூலையில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அக்கா பழக்கத்தில் கையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய், தேவையில்லை என்று தெரிந்து எடுத்துக்கொண்டாள்.

ஏழாவது பேருந்துக்குத் தைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், அச்சகத்துப் பெண் புது பில் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். கடையில் இப்போது இரண்டு நாற்காலி. ஒன்று தம்பியுடையது. மற்றதில் யாரும் உட்காரவில்லை. அதன்மேல் உறைகள் அடுக்கிக் கிடந்தன. அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"அடுத்த வருஷம் அந்தம்மா வருவாங்கல்ல?"

"வருவாங்கக்கா. தேதி போட்டிருக்காங்க."

"அன்னைக்கு நீ வரணும்."

"மொழிபெயர்க்கத்தானே? வர்றேன்."

"அது இல்ல. எண்ணு, வெல, நாளு, இல்ல, முடியாது, இதெல்லாம் அவங்க பேச்சுல இப்பவே சொல்லிடுவேன். மிச்சத்தக் கத்துக்க ஒரு வருஷம் இருக்கு." அக்கா நாற்காலியில் கிடந்த உறைகளைப் பார்த்தாள், பின்னறைப் பக்கம் பார்த்தாள். கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சப்பட்டாள் என்று தோன்றியது. "அந்தம்மா வந்ததும் என் காலு தானா அடுப்புப் பக்கம் போகும். தம்பியப் போடச் சொல்லலாம், ஆனா அவன் போடுற டீயக் குடிச்சா கடனையும் திருப்பிக் கேட்டுடுவாங்க. நீ வந்து டீ போட்டுக் குடு. நான் உக்காந்திருக்கேன்."